பவளச் சல்லிக்குப் பதில் மணல்: ஒரு சிறிய கடல்நீர்த் தொட்டியின் நிகழ்வு ஆய்வு

60 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம். அளவுப்படி 77 லிட்டர் கொள்ள வேண்டிய தொட்டி. பாறை, அடித்தளம், மேல் விளிம்பில் விட்ட இடம் எல்லாம் போக அதில் ஓடுவது சுமார் 60 லிட்டர் கடல்நீர். வேளச்சேரியில் ஒரு பள்ளி இயற்பியல் ஆசிரியையின் வீட்டுக் கூடத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஓசெல்லாரிஸ் கோமாளி மீன்கள், ஒரு மஞ்சள் கோபி, அந்தக் கோபியோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்தும் ஒரு பிஸ்டல் இறால், நாலைந்து நசாரியஸ் நத்தைகள். உயிருள்ள பவளம் எதுவும் இல்லை. பாறைகள் நுண்துளைகள் நிறைந்த செராமிக்கால் செய்தவை. பின்பக்கம் தொங்கும் வடிகட்டி ஒன்று, நீரோட்டம் உண்டாக்க மணிக்கு 1,600 லிட்டர் தள்ளும் பவர்ஹெட் என்ற பம்பு ஒன்று, ஆவியாகும் நீரை ஈடுகட்ட மிதவை வைத்த தானியங்கி ஏற்பாடு ஒன்று. அடியில் 6 செ.மீ. உயரத்துக்குப் பவளச் சல்லி. ஒவ்வொரு துண்டும் 3 முதல் 5 மி.மீ. இருக்கும்.

ஆசிரியையின் குறை இரண்டு. வாரந்தோறும் 20 சதவீத நீரை மாற்றியும் நைட்ரேட் 80 பிபிஎம்மை (லிட்டருக்கு 80 மில்லிகிராம்) விட்டு இறங்கவில்லை. சல்லியின் மேல் வழுவழுப்பான செந்நிறப் படலம் படர்கிறது. உறிஞ்சி எடுத்தால் இரண்டே நாளில் திரும்ப வந்துவிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு, சல்லி முழுவதையும் அள்ளிக் குழாய்த் தண்ணீரில் அலசித் திரும்பக் கொட்டிவிடலாம் என்று அவர் முடிவு செய்திருந்தார். அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டது நல்லதாகப் போயிற்று.

அடித்தளத்தை மாற்றுவது பற்றிப் பேசும் பலரும் ‘நல்ல பாக்டீரியா போய்விடுமே’ என்றுதான் அஞ்சுகிறார்கள். என் கவலை அதுவல்ல. பாறையிலும் வடிகட்டியின் பஞ்சிலும் போதுமான பாக்டீரியா இருக்கிறது. பழைய அடித்தளத்துக்குள் அடைந்து கிடப்பதை ஒரே நேரத்தில் கலக்கி மேலே கொண்டுவந்தால் மீன்கள் என்ன ஆகும் என்பதே உண்மையான ஆபத்து. 500 லிட்டர் தொட்டி அதைத் தாங்கிவிடலாம். 60 லிட்டருக்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது.

கணக்கு முதலில்

எதையும் தொடுவதற்கு முன், இந்த நைட்ரேட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். நிலையாக 80-இல் நிற்கும் தொட்டியில் 20 சதவீதம் மாற்றினால் 16 பிபிஎம் வெளியே போகிறது. அடுத்த வாரம் மறுபடியும் 80 என்றால், அந்த 16 ஏழு நாட்களுக்குள் புதிதாக உண்டாகியிருக்கிறது. 60 லிட்டரில் 16 பிபிஎம் என்பது கிட்டத்தட்ட ஒரு கிராம் நைட்ரேட். அதிலுள்ள நைட்ரஜனைப் புரதமாகத் திருப்பிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1.4 கிராம் புரதம். உலர் தீவனத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புரதம் என்று வைத்துக்கொண்டால் 3 கிராம் தீவனம்.

ஆசிரியை சமையலறைக்குப் போய்ச் சிறிய மின்னணுத் தராசை எடுத்து வந்தார். ஒரு வேளைக்குப் போடும் குருணைத் தீவனம் மிகச் சிறிய அளவு என்பதால் ஒரு வாரத்துக்கானதை மொத்தமாக நிறுத்தார். 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கை விரல் நீளம்கூட இல்லாத மூன்று மீன்களுக்கு இது அதிகம். போட்டதில் முக்கால் பங்கு நைட்ரேட்டாக மாறித் தொட்டியிலேயே தங்குகிறது என்பதும் அதிலிருந்து தெரிந்தது.

ஆகவே நைட்ரேட்டைச் சல்லி உண்டாக்கவில்லை. தீவனத்தோடு வந்த நைட்ரஜன்தான் அது. பெரிய துண்டுகளுக்கிடையே இடைவெளி அதிகம். தின்னாமல் விட்ட குருணையும் மீன் கழிவும் அதற்குள் விழுந்துவிடுகின்றன. வடிகட்டியின் இழுப்பு அங்கே எட்டாது. நத்தையின் மூக்கும் எட்டாது. வடிகட்டிப் பஞ்சில் சிக்கியிருந்தால் மூன்று நாளில் குப்பைக்குப் போயிருக்க வேண்டியது, சல்லிக்குள் கிடந்து மெல்ல அழுகி அம்மோனியாவாக, நைட்ரைட்டாக, நைட்ரேட்டாக மாறி நீருக்குத் திரும்புகிறது. அடித்தளத்தை மாற்ற வேண்டும் என்ற அவருடைய முடிவு சரிதான். அலசிவிட்டு அதே சல்லியைத் திரும்பப் போடுவதில்தான் பயனில்லை.

இன்னொரு கணக்கும் பார்த்தோம். பவளச் சல்லியை விற்றவர், ‘இது அடியில் இருந்தால் பிஎச்சையும் காரத்தன்மையையும் தானாகவே தாங்கிப் பிடிக்கும்’ என்று சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லாத கடை அரிது. தொட்டியில் மாலையில் எடுத்த பிஎச் 7.9. காரத்தன்மை, அதன் அலகான டிகேஎச்சில், 6-க்குச் சற்று மேல். அவர் பயன்படுத்தும் உப்பைப் புதிதாகக் கலந்தால் கிடைப்பது 10 டிகேஎச். மீதி எங்கே போனது? அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. நைட்ரேட் 50 பிபிஎம் சேர்ந்தால் காரத்தன்மை ஏறத்தாழ 2.3 டிகேஎச் இறங்கும். 80 பிபிஎம்முக்கு 3.7. பத்திலிருந்து 3.7 போனால் 6.3. சோதனைக் கிட் காட்டியதும் கிட்டத்தட்ட அதுவே. அடியில் 13, 14 கிலோ கால்சியம் கார்பனேட் கிடந்தும் அது கணக்கில் ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை. பவளச் சல்லியில் உள்ள கால்சியம் கார்பனேட்டின் வடிவம் அரகனைட். அது குறிப்பிடத்தக்க அளவில் கரைய வேண்டுமானால் பிஎச் ஏறத்தாழ 7.7-க்குக் கீழே போக வேண்டும். மீன்கள் நலமாக வாழும் நீரில் அது கரையாது. அது கரையத் தொடங்கும் நீரில் மீன்களை வைத்திருக்கக் கூடாது. கடல்நீர்த் தொட்டிக்கு அடித்தளம் தேர்ந்தெடுக்கும்போது ‘தாங்கிப் பிடிக்கும்’ என்ற வாக்கை ஒதுக்கிவிடலாம் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம். காரத்தன்மைக்கு நீர் மாற்றமும் சமையல் சோடாவும் இருக்கின்றன. 60 லிட்டரில் ஒரு டிகேஎச் உயர்த்த 1.8 கிராம் சோடா போதும்.

சல்லிக்குள் என்ன இருந்தது

காற்றுக் குழாய்க்குப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை ஊசியில்லாத சிரிஞ்சில் மாட்டி, மறுமுனையைச் சல்லிக்குள் கண்ணாடியைத் தொடும்வரை இறக்கி, மிக மெதுவாக உறிஞ்சினோம். வந்த நீர் வடித்த தேநீரின் நிறத்தில் இருந்தது. மேல்நீரையும் இந்த நீரையும் தனித்தனிச் சோதனைக் குழாய்களில் ஊற்றி அம்மோனியா பார்த்தோம். மேல்நீர் மஞ்சளாகவே நின்றது, அதாவது அம்மோனியா இல்லை. அடிநீர் தெளிவாகப் பச்சைக்குத் திரும்பியது. கிட்டின் வண்ண அட்டையில் 1 பிபிஎம்மை ஒட்டிய நிறம். பின்பக்கப் பாறைக்கு அடியில் எடுத்த நீரில் அழுகிய முட்டை வாடை இருந்தது. ஆக்சிஜன் எட்டாத இடத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. கண்ணாடியோடு ஒட்டிய சல்லியில் அதே இடத்தில் கறுப்புத் திட்டும் தெரிந்தது.

இந்த இரண்டு சோதனைக் குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபின், ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் தானாகவே கைவிடப்பட்டது. மீன்களை வெளியே எடுத்தால் ஆபத்தில்லையே என்று கேட்கலாம். பாறைகளும் அதே நீரில்தான் இருக்கின்றன. அவற்றின் மேல் வாழும் பாக்டீரியாவுக்கும் சல்ஃபைடு நஞ்சு. தவிர, அம்மோனியாவின் நச்சுத்தன்மை பிஎச்சைப் பொறுத்தது. கடல்நீரின் பிஎச் உயர்வு என்பதால், நன்னீர்த் தொட்டியில் மீன் பொறுத்துக்கொள்ளும் அளவு இங்கே செவுளைச் சுட்டுவிடும்.

எதைப் போடுவது

அடித்தளமே இல்லாமல் வெறும் கண்ணாடியாக விடுவது ஒரு வழி. கழிவு கண்ணில் படும், உறிஞ்சினால் போய்விடும். வளை தோண்டாத மீன்கள் மட்டும் இருந்திருந்தால் நான் யோசிக்காமல் இதையே சொல்லியிருப்பேன். ஆனால் நசாரியஸ் நத்தை பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும் உயிர். பிஸ்டல் இறாலுக்கு வளைதான் வீடு. அவற்றைக் கண்ணாடியில் விடுவது கொடுமை.

சர்க்கரை போன்ற நுண்மணல் பார்க்க அழகு. பஹாமாஸிலிருந்து வரும் உருண்டைத் துகள் அரகனைட் இவ்வகை. கழிவு உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும். ஆனால் 60 செ.மீ. தொட்டியில் பவர்ஹெட்டின் வீச்சு எதிர்ச் சுவரில் மோதிக் கீழே திரும்புகிறது, அரை மி.மீ.க்கும் குறைந்த துகள் ஒரு மூலையில் குவிந்து எதிர் மூலையில் கண்ணாடி தெரியும். நீரோட்டத்தைக் குறைத்தால் செந்நிறப் படலத்துக்குக் கொண்டாட்டம். இன்னொரு தடை, வளையின் வாய் நுண்மணலில் நிற்காமல் சரிந்துவிடும்.

ஆழமான மணல் படுகை பற்றி ஆசிரியை நிறையப் படித்திருந்தார். பிரெஞ்சு ஆய்வாளர் ழான் ஜோபேர் 1980-களில் மணல் படுகைக்கு அடியில் நீர் நிறைந்த வெற்றிடம் ஒன்றை விட்டு, நைட்ரேட்டைப் படுகையே நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும்படி ஓர் ஏற்பாட்டைப் பரப்பினார். பிறகு வெற்றிடம் இல்லாமலே 10 செ.மீ.க்கு மேல் நுண்மணல் போடும் வழக்கமும் வந்தது. இரண்டுமே வேலை செய்யும். ஆனால் 36 செ.மீ. உயரத் தொட்டியில் 10 செ.மீ. படுகை என்றால் கால் பங்குக்கு மேல் இடம் போகிறது. மணலை ஓயாமல் கிளறும் புழுக்களும் சிற்றுயிர்களும் செழித்திருந்தால்தான் அந்தப் படுகை உயிரோடு இருக்கும். இத்தனை சிறிய பரப்பில் அவை நிலைப்பது கடினம். ஆசிரியையின் தொட்டியில் இருந்த 6 செ.மீ. சல்லி இரண்டுக்கும் நடுவில் சிக்கிய அளவு. சுத்தமாக வைத்திருக்க முடியாத ஆழம். நைட்ரேட்டைப் போக்கவும் போதாத பரப்பு.

கடற்கரை மணலை அள்ளி வரலாமா என்ற கேள்வி சென்னையில் எப்போதும் எழும். நம் கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். ஊடே கறுப்பாகவும் செந்நிறமாகவும் தெரிபவை இல்மனைட், கார்னெட் போன்ற கன கனிமங்கள். குவார்ட்ஸைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. அது சிலிக்காவைக் கரைத்து விட்டுப் பழுப்புப் பாசியை வளர்க்கும் என்ற பேச்சு மிகையானது, கடல்நீரில் அது கரையும் வேகம் மிகக் குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்து வரும் சிலிக்கேட்தான் அந்த விஷயத்தில் பெரிய குற்றவாளி. ஆனால் கூவமும் அடையாறும் நகரத்தின் கழிவோடு வந்து கலக்கும் கரையிலிருந்து எடுத்த மணலை மூடிய 60 லிட்டருக்குள் கொட்ட எனக்கு மனம் வராது.

பவளச் சல்லியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியை வாங்கிய பையில் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பே இல்லை. பவளப்பாறைகள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து எடுத்த இறந்த துண்டாக இருந்தாலும் அதை எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல காலம் பவளம் வெட்டியது அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்லாத சல்லியை இனி வாங்குவதில்லை என்று ஆசிரியை அன்றே சொல்லிவிட்டார். இதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கடைசியில் தேர்ந்தது 1 முதல் 2 மி.மீ. வரை துகள் கொண்ட, மூல நாடு அச்சிட்ட பையில் வந்த அரகனைட் மணல். 3 செ.மீ. உயரம். பவர்ஹெட்டின் வீச்சில் பறக்காத எடை. குருணை உள்ளே இறங்காத நெருக்கம். நத்தை புதையப் போதுமான ஆழம். பிஸ்டல் இறாலுக்கு மட்டும் இது போதாது. மணலையும் சிறு கற்களையும் கலந்து அடுக்கித்தான் அது கூரை போடுகிறது. ஆகவே பழைய சல்லியில் ஒரு காபிக் கோப்பை அளவு கழுவி எடுத்து அதன் மூலைக்குத் தருவது என்று முடிவாயிற்று. எவ்வளவு மணல் வாங்குவது என்பதற்கு எளிய கணக்கு: நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர், அதை 1.4-ஆல் பெருக்கினால் கிலோ. 60 × 36 × 3 என்றால் ஆறரை லிட்டர், 9 கிலோ.

‘உயிர் மணல்’ என்று ஈரத்தோடு பையில் அடைத்து விற்பதை வாங்க வேண்டாம் என்றேன். மூன்று ஆண்டு ஓடிய தொட்டியில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை. கூடுதல் விலை வீண்.

மாற்றிய விதம்

மார்கழிக் குளிரில் செய்தோம். சித்திரை வெயிலில் இந்தத் தொட்டி விசிறி ஓடியும் 29 பாகைக்கு ஏறிவிடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, அழுகல் வேகம் அதிகம். மார்கழியில் 26 பாகை. மின்வெட்டு வந்தால் உதவ மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் வாங்கி வைத்தார்.

தவணையை எப்படிப் பிரிப்பது? மணலைப் பார்த்துப் பிரிப்பதைவிட, ஒரு தடவையில் எவ்வளவு நீரை வெளியேற்ற முடியும் என்று பார்த்துப் பிரிப்பது சரி. சல்லியைக் கையால் அள்ளாமல் குழாயால் நீரோடு உறிஞ்சி எடுத்தால் அழுக்கும் அந்த நீரோடு வெளியே போகிறது, தொட்டிக்குள் கலங்குவதில்லை. 60 லிட்டரில் 15 லிட்டர் வரை ஒரே நாளில் மாற்றுவது பாதுகாப்பு. 15 லிட்டரில் எடுக்க முடிவது மூன்றில் ஒரு பங்கு சல்லி. ஆக, மூன்று தவணை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை வாரம் இடைவெளி. தீவனம் பாதியாகக் குறைக்கப்பட்டது. அந்த நாட்களில் வடிகட்டிப் பஞ்சைக் கழுவவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அடித்தளத்தையும் பஞ்சையும் ஒரே வாரத்தில் கலைப்பவர்களுக்குத்தான் தொட்டி கவிழ்கிறது.

முந்தின நாளே ஆர்ஓ நீரில் உப்புக் கலந்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 பார்த்து, இரவு முழுவதும் சுழலவிட்டிருந்தார். காலையில் பவர்ஹெட்டையும் வடிகட்டியையும் நிறுத்தினோம். தானியங்கி நீர் ஏற்பாட்டின் மின்இணைப்பையும் பிடுங்கினோம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீர்மட்டம் இறங்கியதும் மிதவை திறந்து நன்னீரைக் கொட்டத் தொடங்கிவிடும்.

குழாய்க்கு 20 மி.மீ. உள்விட்டம் தேவை. மீன்தொட்டிக்கென்று விற்கும் மெல்லிய குழாய்களில் 5 மி.மீ. சல்லி இரண்டு சேர்ந்து வந்தாலே அடைத்துக்கொள்ளும். ஆனால் 20 மி.மீ. குழாயில் 15 லிட்டர் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். எனவே வாளிப் பக்க முனையைக் கட்டைவிரலால் நெரித்து, சல்லி நகரும் அளவுக்கு மட்டும் விட வேண்டும். ஆசிரியை தொட்டிப் பக்கம், நான் வாளிப் பக்கம். வளைக்கு எதிர்ப்புறமான வலது மூன்றிலொரு பகுதியில் தொடங்கினோம். மீதிச் சல்லி சரிந்து வராமலிருக்க 7 செ.மீ. உயரமுள்ள அக்ரிலிக் பட்டை ஒன்றை அணையாக நிறுத்தினோம். அந்தப் பகுதியின் பாறையைத் தொட்டி நீர் நிரப்பிய டப்பில் வைத்துவிட்டு, சல்லி போனபின் நேரடியாகக் கண்ணாடியின் மேல் உட்காரவைத்தோம். பாறை எப்போதும் கண்ணாடியில் நிற்க வேண்டும். தோண்டும் உயிர் இருக்கும் தொட்டியில் அடித்தளத்தின் மேல் நிற்கும் பாறை என்றாவது ஒருநாள் சரியும்.

வாளியில் வந்ததைப் பார்த்து ஆசிரியை வாயடைத்து நின்றார். சல்லியைவிடச் சேறு அதிகம். ஊதிப் பெருத்து வெள்ளைப் பூஞ்சை போர்த்திய குருணைகள், போட்ட நிறம்கூட மாறாமல் சில.

இங்கே வழக்கத்துக்கு மாறாக ஒன்று செய்தோம். எடுத்த பகுதியில் உடனே புது மணலைப் போடும்படிதான் பெரும்பாலும் சொல்வார்கள். நாங்கள் வெறும் கண்ணாடியாகவே விட்டோம். அடுத்த தவணையில் கிளம்பும் தூசு புது மணலின் மேல் படிந்து உள்ளே இறங்கிவிடும்; கண்ணாடியில் படிந்தால் மெல்லிய குழாயால் துடைத்த மாதிரி எடுத்துவிடலாம். எல்லாச் சல்லியும் போனபிறகு மணலை ஒரேயடியாகப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் தவணையில்தான் கறுப்புத் திட்டு. குழாயின் முனையைத் திட்டின் நடுவிலேயே குத்தி, பக்கங்களைக் கிளறாமல் மேலிருந்து கீழாக உறிஞ்சினோம். கூடம் முழுவதும் வாடை, சன்னல்களைத் திறந்துவிட்டோம். பாறையை அந்த இடத்திலிருந்து எடுத்தபோது சிறிது கறுப்பு நீரில் பரவியது. மறுநாள் அம்மோனியா 0.25 காட்டியது. தயாராக வைத்திருந்த இன்னொரு 15 லிட்டர் மாற்றப்பட்டது. வடிகட்டியில் கரிப் பை ஒன்று போட்டோம். இரண்டு நாள் தீவனம் நிறுத்தம். மூன்றாம் நாள் சோதனைக் குழாய் மீண்டும் மஞ்சள். மீன்களின் மூச்சில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. எதிர்பாராத நாளுக்கென்று ஒரு மாற்று அளவு உப்புநீர் தயாராக இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

மூன்றாம் தவணை வளை இருந்த மூலை. குழாய் நெருங்கியதும் கோபி பாறைக்குப் பின்னால் ஓடிவிட்டது. இறால் நகரவில்லை, அதற்குக் கண் பார்வை மிகக் குறைவு, ஒரு மீசையைக் கோபியின் மேல் வைத்துக்கொண்டுதான் வெளியுலகத்தை அறிகிறது. கூரையாக இருந்த தட்டைப் பாறையைத் தூக்கியதும் வெளிச்சத்தில் அசையாமல் நின்றது. வலை வைத்தால் அதன் பெரிய கொடுக்கு சிக்கி ஒடியும் என்பதால் பிளாஸ்டிக் குவளையை எதிரே சாய்த்து, பின்னாலிருந்து விரலை நீட்டினோம்; தானாகவே பின்வாங்கி உள்ளே நுழைந்துகொண்டது. குவளைக்குள் ஒருமுறை கொடுக்கைச் சொடுக்கிய சத்தம் இருவருக்கும் கேட்டது.

புது மணல் குழாய்த் தண்ணீரில் தெளியும்வரை அலசப்பட்டு, கடைசி அலசல் ஆர்ஓ நீரில். அகலமான பிவிசி குழாயைக் கண்ணாடிவரை இறக்கி அதன் வழியாக மணலை ஊற்றியதால் கலங்கல் குறைவு. பழைய சல்லி 13 லிட்டர் இடத்தை அடைத்திருந்தது, புது மணல் ஆறரை லிட்டர். துகள்களுக்கிடையே உள்ள நீரைக் கழித்தால் ஏறத்தாழ 3 லிட்டர் நீர்மட்டம் குறையும். இதை உப்புநீரால்தான் நிரப்ப வேண்டும். மிதவையை நம்பி விட்டிருந்தால் அது நன்னீரை ஊற்றி, உப்பளவு ஆயிரத்துக்கு 35-இலிருந்து 33-ஐ நெருங்கியிருக்கும்.

அதன் பிறகு

மறுநாள் காலை நீர் தெளிந்துவிட்டது. பாறைகளின் மேல் படிந்திருந்த வெள்ளைத் தூசைப் பெரிய சிரிஞ்சால் நீரைப் பீய்ச்சி ஊதிவிட்டார். இறால் தன் மூலைக்குத் திரும்பிய அன்றே வேலையைத் தொடங்கிவிட்டது. கழுவிப் போட்ட சல்லித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கில் அணைத்து இழுத்துவந்து, வளையின் வாயில் இரண்டு பக்கமும் நிறுத்தி, இடையிலிருந்த மணலைப் புல்டோசர் போல முன்னே தள்ளிக்கொண்டே இருந்தது. கோபி வாசலில் காவல் நின்றது. 1–2 மி.மீ. மணலும் 5 மி.மீ. சல்லியும் கலந்த அந்தக் கூரை இன்றுவரை இடிந்து விழவில்லை.

மூன்றாவது வாரம் தொலைபேசி வந்தது.

“அண்ணா, மணல் முழுவதும் பழுப்பாகிவிட்டது. மேல் மணலை வழித்து எடுத்துவிடட்டுமா?”

“வேண்டாம் டீச்சர். கையை வைக்காதீர்கள். புது மணலில் முதலில் குடியேறுவது டயாட்டம் என்ற பழுப்புப் பாசிதான். சிலிக்கேட் தீர்ந்ததும் தானாகப் போய்விடும்.”

போய்விட்டது. செந்நிறப் படலம் பவர்ஹெட்டின் நிழலில் ஓரிடத்தில் மட்டும் சில காலம் எட்டிப் பார்த்தது. பவர்ஹெட்டைச் சற்றுத் திருப்பியதும் அதுவும் மறைந்தது.

இனி நைட்ரேட். வேலை முடிந்த வாரம் கிட் காட்டியது 50-க்குப் பக்கம். ஆசிரியைக்கு மகிழ்ச்சி. நான் அதை மணலின் கணக்கில் எழுத ஒப்பவில்லை. மூன்று தவணையும் நடுவில் அவசரத்துக்குச் செய்ததும் சேர்த்து நான்கு முறை 25 சதவீதம் மாற்றினாலே 80 என்பது 25-க்கு இறங்க வேண்டும். இடையில் சேர்ந்ததோடு 50 என்பது நீர் மாற்றத்தின் விளைவுதான். மணலின் பங்கைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பழையபடி வாரம் 20 சதவீதம் மட்டும் மாற்றிக்கொண்டு, எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தீவனம் வாரத்துக்கு இரண்டரை கிராமில் நிலைநிறுத்தப்பட்டது. பழைய அடித்தளமே இருந்து தீவனம் மட்டும் இந்த அளவுக்குக் குறைந்திருந்தால் நைட்ரேட் 50-இல் நிலைத்திருக்கும். இரண்டு மாதங்களுக்குப் பிறகு அது நின்ற இடம் 25. அந்த வேறுபாட்டுக்கு உரியது புதிய அடித்தளமும், இப்போது மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றப்படும் வடிகட்டிப் பஞ்சும். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. கழிவு மணலின் மேலேயே நிற்பதால்தான் பஞ்சுக்கு அது கிடைக்கிறது. காரத்தன்மையை நாலைந்து நாட்களில் சிறிது சிறிதாகச் சோடா சேர்த்து எட்டரைக்கு உயர்த்தினோம். நைட்ரேட் குறைந்ததால் அது இப்போது அங்கேயே நிற்கிறது.

பாஸ்பேட் முதல் மாதம் கிட்டில் தெரியவே இல்லை. இதை நம்பித் தீவனத்தைக் கூட்டிவிட வேண்டாம் என்று எச்சரித்தேன். புது அரகனைட்டின் பரப்பு பாஸ்பேட்டை ஈர்த்து ஒட்டவைத்துக்கொள்ளும். அந்தப் பரப்பு நிறைந்ததும் அளவு நீரில் தெரியத் தொடங்கும். அப்படியே நடந்தது.

மணலைச் சல்லடை போலச் சலித்துத் தின்னும் வெண்ணிற வாலன்சியென்னியா கோபி ஒன்று வாங்கினால் மணல் எப்போதும் பளிச்சென்று இருக்குமே என்று அவர் அண்மையில் கேட்டார். மறுத்துவிட்டேன். அந்த மீனுக்கு மணலுக்குள் வாழும் சிற்றுயிர்கள்தான் உணவு. 60 செ.மீ. தொட்டியில் சில வாரங்களில் அவற்றைத் தின்று தீர்த்துவிட்டு, வயிறு ஒட்டிச் சாகும். மணலைச் சுத்தம் செய்ய உயிரை வாங்குவது எனக்கு ஒவ்வாத வழக்கம்.

இப்போது ஒவ்வொரு நீர் மாற்றத்தின்போதும் மணல் பரப்பில் கால் பங்கை மட்டும் மேலோட்டமாக உறிஞ்சுகிறார். நான்கு வாரத்தில் ஒரு சுற்று முடிகிறது. இறாலின் மூலையைக் குழாய் தொடுவதில்லை. அங்கே மட்டும் மாதம் ஒருமுறை அதே சிரிஞ்சை இறக்கி அடிநீரில் அம்மோனியா பார்க்கிறார். நிறம் பச்சைக்குத் திரும்பினால், அந்தக் கோப்பை அளவு சல்லியை மட்டும் எடுத்து, மாற்றி வைத்த உப்புநீரில் அலசித் திரும்ப வைத்துவிட்டால் போதும்.